அறுபதைத் தாண்டி பியானோ: ஒரு பழைய டைப்பிஸ்ட் எழுதிவைத்தது

31 வருடம் அலுவலகத்தில் டைப் அடித்த கை என்னுடையது. ஓய்வு பெற்று, 61 வயதில் பியானோ பழகப் போகிறேன் என்று சொன்னதும் தெரிந்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள்: "உங்களுக்கென்ன, விரல் தானா ஓடும்." விரல் ஓடத்தான் செய்தது. பிரச்சினையே அதுதான்.

டைப் அடிக்கிறவருக்கு எல்லா எழுத்துக்கும் ஒரே அழுத்தம். அடித்த கையோடு விரல் எழும்பிவிட வேண்டும். கட்டைவிரலுக்கு ஒரே வேலை, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடுவது. பியானோவில் மூன்றுமே தலைகீழ். மெல்ல அமுக்கினால் மெல்லிய ஒலி, வேகமாக அமுக்கினால் பெரிய ஒலி. விரலை எப்போது வைக்கிறோம் என்பதைப் போலவே எப்போது எடுக்கிறோம் என்பதும் கணக்கு. கட்டைவிரல்தான் 1-ஆம் விரல்; மற்ற விரல்களுக்கு அடியில் புகுந்து கையை அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகிறது. பழைய பழக்கத்தைக் கைவிடவே எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

இப்போது வயது 64. யாரையும் அசத்துகிற வாசிப்பு இல்லை. ஆனால் நாலைந்து சின்ன உருப்படிகளை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பேன், புது இசைத்தாளைப் பார்த்து மெதுவாகப் படிப்பேன். ஓய்வூதியத்தில் ஓடுகிற வீடு என்பதால் ஒவ்வொரு செலவையும் இரண்டு தடவை யோசித்துத்தான் செய்தேன். சில யோசனைகள் தப்பிப் போயின. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கருவி: அளவு நாடாவோடு போங்கள்

எனக்கு முதலில் கிடைத்தது அண்ணன் மகன் சின்ன வயதில் வைத்திருந்த கீபோர்டு. பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் கொண்டுவந்தான். "அத்தை, இது கிட்டத்தட்ட பொம்மை, பரவாயில்லையா?" என்றான். ஓசியில் வருகிறதே, பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன். இரண்டு மாதம் அதில் பழகிவிட்டு ஒரு நாள் நிஜ பியானோ ஒன்றின் முன்னால் உட்கார்ந்தபோது என் சுண்டுவிரல் போய்ச் சேரவேண்டிய கட்டைக்கு முந்தின கட்டையில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும். அந்தக் கீபோர்டின் கட்டைகள் அளவில் சிறியவை. கை தப்பான தூரத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

அதனால் பழைய கருவி பார்க்கப் போகும்போது ஒரு தையல் நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த ஏழு வெள்ளைக் கட்டைகள் சேர்ந்து ஏறக்குறைய 16.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தால் வேண்டாம், ஓசியில் தந்தாலும் வேண்டாம்.

அடுத்தது தொடுவிசை. ஒரே கட்டையை ஒரு தடவை மெல்லவும் ஒரு தடவை ஓங்கியும் அமுக்குங்கள். இரண்டுக்கும் ஒரே சத்தம் வந்தால் அது பியானோ வேலைக்கு ஆகாது, வாசல் மணிதான். 1700-ஐ ஒட்டி ஃப்ளோரன்ஸில் கிறிஸ்டோஃபோரி இந்தக் கருவியைச் செய்ததே மெல்லவும் உரக்கவும் வாசிக்க முடியவேண்டும் என்பதற்காகத்தான். கருவியின் முழுப்பேர் பியானோஃபோர்ட்டே; 'பியானோ', 'ஃபோர்ட்டே' என்றால் இத்தாலிய மொழியில் மெல்ல, உரக்க என்றுதான் அர்த்தம். பேரே அதுவாக இருக்கும்போது அந்த ஒன்று இல்லாத கருவியில் பழகி என்ன பயன்?

இந்த இரண்டும் சரி என்றால், கையில் இருக்கிற பணத்துக்கு ஏற்ப மேலே போகலாம். பியானோவைப் போலக் கனமான கட்டைகள் உள்ள 88 கட்டை டிஜிட்டல் பியானோ பழையதாகக் கிடைத்தால் அதுதான் முதல் தரம். கிடைக்காவிட்டால் முழு அளவுக் கட்டைகளும் தொடுவிசையும் உள்ள 61 கட்டை கீபோர்டு போதும். 61 என்றால் ஐந்து ஆக்டேவ்; ஒரு ஸ்வரத்திலிருந்து மேலே அதே ஸ்வரம் மறுபடி வரும் வரை உள்ள தூரம்தான் ஒரு ஆக்டேவ். மொசார்ட்டின் பியானோவும் ஐந்து ஆக்டேவ்தான், அவருக்கு அது குறையாக இருந்ததாகத் தெரியவில்லை. முதல் ஒன்றரை வருடம் நம் கை நடுவில் மூன்று ஆக்டேவைத் தாண்டாது. லேசான கட்டையில் பழகிய விரல் கனமான கட்டைக்கு வந்தால் சீக்கிரம் களைத்துவிடும், அந்தக் குறை இருக்கிறது. எங்கேயாவது நிஜ பியானோவைத் தொடுகிற வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

நூற்றுக்கணக்கில் ஒலிகள், பின்னணித் தாளங்கள், கட்டைக்குக் கட்டை எரியும் விளக்கு, இதற்கெல்லாம் ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். விளக்கு இருந்தால் கண் விளக்கைத்தான் பார்க்கும், தாளைப் பார்க்காது.

பழையதை வாங்கும் இடத்திலேயே ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒவ்வொரு கட்டையாக அமுக்குங்கள், கறுப்பையும் சேர்த்து. ஒன்று மட்டும் வீறிடுகிறதா, ஒன்று கீழே போனால் மெதுவாக எழும்புகிறதா என்று பாருங்கள். விற்கிறவர் பேசிக்கொண்டே இருப்பார், இருக்கட்டும். சத்தத்தைக் கூட்டும் திருகைத் திருகினால் கரகரப்பு வந்தால் பெரிய குற்றமில்லை, பல சமயம் தூசிதான். கட்டை வேலை செய்யாததுதான் குற்றம். மின் அடாப்டர் அதனுடையதுதானா என்று கேளுங்கள். வோல்ட்டும், நடு முனை பிளஸ்ஸா மைனஸா என்பதும் கருவியின் பின்னால் படம் போட்டிருக்கும். மாறிப்போனால் கருவி பாழாகும்.

ஹெட்ஃபோன் கம்பியுள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் அமுக்கியதற்கும் கேட்பதற்கும் நடுவில் ஒரு இழுவை வரும். எனக்குக் கையே மந்தமாகிவிட்டது போலத் தோன்றி ஒரு வாரம் கவலைப்பட்டேன்.

அப்புறம் இந்த 'இலவச பியானோ' விஷயம். வீடு காலி செய்கிற ஒருவர் பழைய மர பியானோ ஒன்றை சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். இரண்டு நாள் தூங்கவில்லை, ஆசை. பிறகு பியானோ சுருதி சேர்ப்பவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் மூடியைத் திறந்து, உள்ளே கம்பிகளைச் சுற்றியிருக்கும் முளைகளில் நாலைந்தைத் திருகிப் பார்த்துவிட்டு, "அம்மா, முளை பிடிக்கவில்லை. இன்று சேர்த்தால் அடுத்த வாரம் இறங்கிவிடும்" என்றார். உள்ளே ஏறக்குறைய 230 கம்பிகள். தூக்க நாலு ஆள் வேண்டும், மாடிப்படி வேறு. வருடத்துக்கு ஒரு தடவையாவது சுருதி சேர்க்க வேண்டும். அவருக்கு அன்றைக்குக் கொடுத்த கூலிதான் இந்த மூன்று வருடத்தில் நான் செய்த நல்ல செலவுகளில் ஒன்று.

உட்காரும் உயரமும் மூக்குக் கண்ணாடியும்

சின்னப் பிள்ளைகளுக்கு எழுதிய பாடங்களில் இது ஒரு வரியில் முடிந்துவிடும். நம் வயதில் பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது.

பியானோவின் கட்டைகள் தரையிலிருந்து சுமார் 72, 73 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். வீட்டு மேசையே 75. அதன்மேல் கீபோர்டை வைத்தால் கட்டைகள் நெஞ்சுக்கு வந்துவிடும், தோள் தூக்கிக்கொள்ளும், பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். நான் பழைய சாமான் கடையில் ஒரு டைப்ரைட்டர் மேசையைத் தேடிப் பிடித்தேன். எழுதுகிற மேசையைவிட அது ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரற்கடை தாழ்ந்திருக்கும். எந்திரத்தின் உயரத்தைக் கணக்குப் பண்ணித்தான் அப்படிச் செய்வார்கள். அகலம் போதவில்லை, மேலே ஒரு பலகை போட்டேன். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் நாற்காலியில் போர்வையை மடித்துப் போட்டு உங்களை உயர்த்திக்கொள்ளுங்கள். பாதம் தொங்கினால் கீழே ஒரு மரக்கட்டை. முழங்கை கட்டைகளின் மட்டத்தில், அல்லது ஒரு சுண்டுவிரல் அளவு மேலே. முன்கை தரைக்குச் சமமாக. இதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டும், பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பாருங்கள். நாம் நேராக உட்கார்ந்திருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

கண் விஷயம் எனக்கு ஐந்து மாதம் புரியவில்லை. புத்தகம் படிக்கும் கண்ணாடி போட்டால் தாள் மங்கல். தூரக் கண்ணாடியிலும் மங்கல். இரட்டைக் கண்ணாடியில் கீழ்ப்பாதி வழியாகப் பார்ப்பதற்காக மோவாயைத் தூக்கித் தூக்கி, தலைவலி. பியானோ பழகுவதால் வரும் தலைவலி என்றே நினைத்தேன். படிக்கும் கண்ணாடி கையில் பிடிக்கும் புத்தகத்தின் தூரத்துக்கு, சுமார் 40 சென்டிமீட்டருக்குச் செய்தது. தாள் இருப்பதோ 60, 65-இல். கண் பரிசோதிக்கிறவரிடம் கண்ணிலிருந்து தாள்வரை நாடாவால் அளந்த எண்ணைச் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கு ஒரே பவர் உள்ள சாதாரண கண்ணாடி ஒன்று, மலிவான சட்டத்தில் போதும். எனக்கு அது வந்த அன்று ஸ்வரங்களை எழுதும் கோடுகள் ஐந்தும் ஐந்தாகவே தெரிந்தன. அதுவரை சில சமயம் நாலரை. அதோடு தாளை ஒன்றரை மடங்கு பெரிதாக்கி அச்செடுத்துக்கொள்வேன், விளக்கை இடது தோளுக்குப் பின்னால் வைப்பேன்.

எழுத்து ஒட்டாதீர்கள்

கட்டைகளில் சி, டி, இ என்று சீட்டு ஒட்டினேன். மூன்றாம் மாதம் பிய்த்தேன், பசை இன்னும் இரண்டு கட்டையில் இருக்கிறது. டைப் பழகிய காலத்தில் எழுத்து தெரியாதபடி மறைத்துவிட்டு 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று அடிக்க வைத்தார்களே, அதை எப்படி மறந்தேனோ. கட்டைகளே அடையாளம் சொல்கின்றன. கறுப்பு இரண்டும் மூன்றுமாகக் கூட்டம் போட்டு நிற்கும். இரண்டு கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டிய வெள்ளை சி. மூன்று கூட்டத்துக்கு இடப்பக்கம் ஒட்டியது எஃப். பாட்டுக்காரர்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்று சுருதி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சி-தான் ஒன்று, அதை அடுத்த கறுப்பு ஒன்றரை.

தாளில் எல்லாக் கோட்டையும் இடைவெளியையும் உருப்போட வேண்டாம். மூன்று இடத்தை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: கட்டைகளின் நடுவில் இருக்கும் நடு சி, ட்ரெபிள் கிளெஃபின் (மேல் ஸ்வரங்களுக்கு வரித் தொடக்கத்தில் போடும் குறி) சுருள் சுற்றிக்கொண்டிருக்கும் கோடு ஜி, பேஸ் கிளெஃபின் (கீழ் ஸ்வரங்களுக்கான குறி) இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஓடும் கோடு எஃப். மற்றதெல்லாம் இவற்றிலிருந்து ஒரு படி ஏற்றம், இரண்டு படி இறக்கம் என்று படிக்கலாம். இதில் மட்டும் டைப் அடித்தது உதவியது: கண் தாளில், கை தன் இடத்தில், கண் கையைவிட ஒரு வார்த்தை முன்னால்.

தினமும் என்ன செய்வது

காலையில் 20 நிமிடம், சாயங்காலம் 15. சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கடைசி அரை மணி நேரம் தப்பைத்தான் பழகுகிறேன். கருவியை உறை போட்டு மூடி வைக்காதீர்கள். உறையைக் கழற்றி, கம்பி செருகி, தாள் தேடுகிற வேலை இருந்தால் அன்றைக்கு வாசிக்க மாட்டீர்கள். போகிற வருகிற வழியில் திறந்தே கிடக்கட்டும், தூசி துடைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பார் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தாளில் ஒரு குறுக்குக் கோட்டிலிருந்து அடுத்த குறுக்குக் கோடு வரை ஒரு பார். வலது கை தனியாக. இடது கை தனியாக. பிறகு சேர்த்து, தப்பே வராத வேகத்தில். அந்த வேகம் வெட்கப்படும்படி மெதுவாக இருக்கும், இருக்கட்டும். உருப்படியின் கடைசி இரண்டு பாரிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிச் சேர்த்துக்கொண்டே வந்தால், வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்துக்குப் போகிறோம் என்ற தெம்பு இருக்கும்.

ஒரு இடத்தைக் கிட்டப் போய்க் காட்டுகிறேன். மூன்று எண்ணிக்கை கொண்ட பார். இடது கை சுண்டுவிரல் ஒரு கட்டையை மூன்று எண்ணிக்கையும் பிடித்திருக்க வேண்டும். வலது கை அதே நேரத்தில் ஐந்து ஸ்வரம் வாசிக்கிறது. என் சுண்டுவிரல் அடித்த உடனே துள்ளி எழுந்துவிடும், 31 வருடப் பழக்கம். கீழே ஒலி அறுந்து, மேலே மெட்டு தனியாக ஊசலாடும். ஆசிரியை சொல்லும்வரை எனக்குக் கேட்கவே இல்லை. அப்புறம் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது சுண்டுவிரலை மட்டும் அமுக்கி, "பிடி, பிடி, பிடி, விடு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். அதன்பின் வலது கையில் முதல் ஸ்வரம் மட்டும். அடுத்து இரண்டு. ஒரே ஒரு பார், நாலு நாள். ஐந்தாம் நாள் விரல் உட்கார்ந்தது.

இன்னொரு டைப்பிஸ்ட் வியாதி உண்டு: தப்பு வந்தால் கை நின்றுவிடும், வெள்ளை மையைத் தேடிப் போகும். நானும் ஒவ்வொரு தப்புக்கும் நின்று, திரும்பிப் போய், சரியாக அடித்துவிட்டுத்தான் நகர்வேன். ஆறு மாதத்தில் என்ன ஆயிற்று என்றால், தப்பு வராத நாளிலும் அந்த இடத்தில் கை நின்றது. நிற்பதையே பழகியிருந்தேன். இப்போது நேரத்தைப் பிரித்துவிட்டேன். பழுது பார்க்கும் நேரத்தில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், ஆனால் அந்த இரண்டு பாரை விட்டு வெளியே போகக்கூடாது. ஓட்டிப் பார்க்கும் நேரத்தில் என்ன விழுந்தாலும் நிற்கக்கூடாது. முடிந்த பிறகு பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளலாம், அதுதான் நாளைய வேலை. வாரத்துக்கு ஒரு தடவை போனில் பதிவு செய்து கேளுங்கள். பிடிக்காது. கேளுங்கள்.

தாளத்துக்குத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் இலவசச் செயலியாகக் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 50 தட்டில் தொடங்கி, மூன்று தடவை சுத்தமாக வந்தால் இரண்டு இரண்டாக ஏற்றுங்கள்.

தாள், ஆசிரியர், வலி

உரிமைக் காலம் முடிந்த இசைத்தாள்கள் 2006 முதல் ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகச் சேர்ந்து கிடக்கின்றன. மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளில் அதற்கேற்ற கோப்பாக இருக்கும் தாளைத் திறந்தால் அதுவே வாசித்துக் காட்டும், மெதுவாக்கியும் கேட்கலாம். குவித்துக்கொள்ளாதீர்கள். என் கணினியில் 200 உருப்படிக்கு மேல் இருக்கிறது, வாசிப்பது நாலு. எளிமைப்படுத்தி எழுதிய பிரபலமான மெட்டுகளைவிட, முதலிலேயே எளிதாக எழுதப்பட்ட சின்ன உருப்படிகள் கைக்கு நன்றாக உட்காரும்.

ஆசிரியர் வாராவாரம் கட்டுப்படியாகாது என்றால் முதல் மாதம் இரண்டு வகுப்பு, பிறகு ஆறு வாரத்துக்கு ஒன்று. அந்த முதல் இரண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். மணிக்கட்டு இறங்குவதையும் தோள் ஏறுவதையும் காணொளி பார்த்து நாமே கண்டுபிடிக்க முடியாது. ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள், "இந்தப் பாரில் எந்த விரல்?" என்கிற மாதிரி. முதலில் நான் போன ஒருவர் யானைப் படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்து நட்சத்திரச் சீட்டு ஒட்டினார். இரண்டாம் வகுப்போடு நின்றுகொண்டேன். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடலாம், தப்பில்லை. இசை படிக்கிற மாணவர்கள் குறைந்த கட்டணத்துக்கு வருவார்கள். எனக்கு இப்போது சொல்லித் தருகிற பெண்ணுக்கு 23 வயது, என்னை டீச்சர் மாதிரி மிரட்டுவாள்.

குளிர்ந்த விரலோடு தொடங்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நிமிடம் கையை வைத்துத் துடைத்துவிட்டு உட்காருங்கள். களைப்பு வேறு, வலி வேறு. வலித்தால் அந்த நிமிடமே கையை எடுங்கள். மரத்துப் போனாலோ மறுநாளும் வலி இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். எட்டாத ஆக்டேவை இழுத்துப் பிடிக்க வேண்டாம், கீழ் ஸ்வரத்தை விட்டுவிட்டு வாசிக்கலாம், யாரும் போலீஸில் சொல்ல மாட்டார்கள்.

காலால் அமுக்கி ஒலியை நீட்டுகிற பெடல் கடைசியில் வாங்கினால் போதும், ஒரு வருடம் கழித்து. அமுக்கினால் ஒலி அறுந்து, விட்டால் நீள்கிறது என்றால் பெடல் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். கருவியை அணைத்து, பெடலைச் செருகி, காலை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். காலை வைத்துக்கொண்டே போட்டால் பல கருவிகள் தலைகீழாக எடுத்துக்கொள்ளும். நான் ஓடியவள்.

இப்போது கையில் இருப்பது ஜி மேஜரில் ஒரு மினுவெட் (பழைய ஐரோப்பிய நடன இசை), 32 பார். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதியது என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கிறிஸ்டியான் பெட்சோல்ட் எழுதியது என்று பிறகு தெரிந்தது. முதல் பாதி 84-இல் நிற்காமல் வருகிறது. இரண்டாம் பாதியில் சி ஷார்ப், அதாவது சி-யை அடுத்த கறுப்பு, தலைகாட்டும் இடத்தில் பென்சில் வட்டம் மூன்று தடவை போட்டுத் தாள் கிழியப் பார்க்கிறது. சாயங்காலம் 15 நிமிடமும் அந்த இரண்டு பாருக்குத்தான்.